வலது காதின் கடைசிச் சனிக்கிழமை

மனிதனுக்கு இரண்டு காதுகள் இருப்பது, ஒன்று பழுதானால் மற்றது உதவட்டும் என்பதற்காகத்தான் என்று நன்றாகப் படித்தவர்களும் நம்புகிறார்கள். காரின் பின்பக்கம் கிடக்கும் ஸ்டெப்னி டயரைப் போன்றது இரண்டாவது காது என்னும் இந்தக் கருத்து டாக்டர்கள், போதகர்கள், தலைமையாசிரியைகள் ஆகிய மூன்று வகுப்பாரிடமும் ஆழமாக வேரூன்றியிருப்பதால், மேற்கொண்டு ஒரு வரி எழுதும் முன் அதைத் திருத்திவைப்பது கடமையாகிறது. கேட்பதற்கு ஒரு காதே போதும். எங்கிருந்து கேட்கிறது என்று அறிவதற்குத்தான் இரண்டு. வலப்பக்கம் ஒரு தட்டு விழுந்து உடைந்தால் அந்தச் சத்தம் வலது காதுக்கு முதலிலும் இடது காதுக்குக் கண் இமைப்பதைவிட மிகச் சிறிய ஒரு தாமதத்துக்குப் பிறகும் போய்ச் சேருகிறது. அந்தத் தாமதத்தை வைத்துத்தான் மூளை, திரும்பிப் பார்க்காமலே, தட்டு விழுந்த இடத்துக்கு விரல் நீட்டுகிறது. எமீமா இதை ஒன்பதாம் வகுப்புக்கு வருஷம் தவறாமல் நடத்திக்கொண்டிருப்பவள். ஒரு பெண்ணை வகுப்பின் நடுவே கண்ணைக் கட்டி நிற்கவைப்பாள்; மற்றவர்கள் மூலைக்கு மூலை கைதட்ட, அவள் சரியாகக் கை நீட்டுவாள். பிறகு அவளுடைய ஒரு காதைப் பொத்தச் சொல்வாள். அப்புறம் அந்தப் பெண் சன்னலைக் காட்டுவாள், கரும்பலகையைக் காட்டுவாள், தட்டிய கை எங்கோ இருக்க இவள் கை எங்கோ போகும், வகுப்பு உருண்டு புரண்டு சிரிக்கும். எமீமாவும் சிரித்திருக்கிறாள். வருகிற செவ்வாய்க்கிழமை காலை அவளுடைய வலது காதுக்குப் பின்னால் எலும்பைத் திறந்து, நரம்பின்மேல் வளர்ந்திருக்கும் கட்டியை எடுக்கப்போகிறார்கள். கட்டியோடு அந்தக் காதின் கேட்கும் திறனும் போய்விடும். "அதான் இன்னொண்ணு இருக்கே, கர்த்தர் கைவிட மாட்டார்" என்றார் போதகர். "அதான் இன்னொண்ணு இருக்கே டீச்சர்" என்றார் தலைமையாசிரியை. இன்னொன்று இருக்கிறதுதான். சனிக்கிழமை மாலை, நுங்கம்பாக்கத்தில் ஒரு காப்பிக்கடையின் மாடியில், எண்பது பேர் நின்றால் மூச்சுமுட்டும் ஒரு கூடத்தில், இன்னும் இரண்டையும் வைத்துக்கொண்டு நின்றிருந்த எமீமா அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவர் காரில் என்ன சொன்னார்? மேம்பாலத்தில் ஏறும்போது கணவர் ராஜசிங் ஏதோ சொன்னார். எமீமா "ம்" என்றாள். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் சொல்லவில்லை. வண்டியை நிறுத்த இடம் தேடும்போதுகூடச் சொல்லவில்லை, அது அவர் சுபாவத்துக்கு விரோதம், இடம் கிடைக்காவிட்டால் மாநகராட்சியைத் திட்டுவார், கிடைத்துவிட்டால் இரண்டு பங்கு திட்டுவார். பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு பக்கத்தில் போனது, அதனால் கேட்கவில்லை என்று முதலில் நினைத்தாள். இறங்கிக் கதவைச் சாத்தும்போதுதான் விஷயம் உறைத்தது. இந்த நாட்டில் ஓட்டுகிறவர் வலப்பக்கம் உட்காருகிறார். பக்கத்தில் உட்காரும் பெண்டாட்டிக்கு அவர் பேசுவது வலது காதில் விழுகிறது. கல்யாணமாகி இருபத்தாறு வருஷமாக, முதலில் பழைய ஃபியட், பிறகு மாருதி, இப்போது இந்த வெள்ளை வண்டி, மூன்றிலும் ராஜசிங் பேசியதெல்லாம், ரயில்வே அலுவலகத்து அரசியல், டீசல் விலை, அவருடைய தங்கை மாப்பிள்ளையின் கஞ்சத்தனம், எல்லாமே இந்த ஒரு காதுக்குள்தான் போயிருக்கிறது. இடது காது சன்னல் பக்கத்துக் காது. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஆட்டோக்காரர்கள். எமீமாவிடம் லைசென்ஸ் இருக்கிறது. ஆனால் அவள் ஓட்டினால் ராஜசிங் பிரேக் இல்லாத பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பிரேக்கை மிதிப்பார், மிதித்து மிதித்து வீடு வந்து சேரும்போது அவருக்குத் தொடை பிடித்துக்கொள்ளும், அதனால் அவள் ஓட்டுவதில்லை. என்ன சொன்னீங்க என்று இப்போது கேட்கலாம். கேட்டால், கேட்கவில்லையா என்பார், முகம் ஒரு மாதிரி போகும். எம்.ஆர்.ஐ. படத்தை டாக்டர் விளக்கில் மாட்டிக் காட்டியபோது போன மாதிரி.

மாடிப்படி முடிகிற இடத்தில் ஆசேர் நின்றிருந்தான். அவர்களுடைய ஒரே மகன். இரண்டாவதாக வாசிக்கப்போகிற 'பக்கத்து வீடு' என்ற குழுவில் பாஸ் கிதார், அதாவது அடித்தொனிக்கான நாலு தந்திக் கிதார், வாசிக்கிறவன். சாலிகிராமத்தில் குழுவினர் நாலு பேரும் வாடகைக்கு எடுத்திருக்கும் வீட்டில் இருந்துகொண்டு, மாதத்துக்கு இரண்டு ஞாயிறு கோவிலுக்கும் அம்மா கைக் குழம்புக்கும் வருகிறவன். அவனுக்கு எதுவும் தெரியாது. மூன்று வாரமாகத் தெரியாது. இந்த நிகழ்ச்சி முடியட்டும், அதற்கு முன்னால் அவனிடம் மூச்சு விடக்கூடாது என்று எமீமா சத்தியம் வாங்காத குறையாக ராஜசிங்கிடம் சொல்லியிருந்தாள். ஒரு வருஷமாகக் கேட்டுக்கேட்டுக் கிடைத்த மேடை அது. ஆசேர் இரண்டு பேர் கையிலும் சின்ன பிளாஸ்டிக் உறை ஒன்றைத் திணித்தான். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் இரண்டு பஞ்சுக் குமிழ்கள். "என்னடா இது, மாத்திரையா?" என்றார் ராஜசிங். "காதடைப்பான்ப்பா. எங்க ஷோவுக்கு வர்ற அப்பா அம்மா எல்லாருக்கும் குடுப்போம், அது எங்க ரூல். விரல்ல உருட்டிச் சின்னதாக்கி உள்ள விட்டா மெதுவா உப்பி அடைச்சிக்கும். ரெண்டு பேரும் கண்டிப்பாப் போட்டுக்கணும், சொல்லிட்டேன். உங்க வயசுல காது போனா திரும்பி வராது." ராஜசிங் எமீமாவைப் பார்த்தார். எமீமா சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தாள். "என்ன, ரெண்டு பேரும் இப்படி முழிக்கிறீங்க? பயப்படாதீங்க, வலிக்காது," என்று சொல்லிவிட்டு அவன் ஓடினான். "சொல்லிடலாமேம்மா," என்றார் ராஜசிங், குரலைத் தணித்து. இது கேட்டது. அவர் இடப்பக்கம் நின்றிருந்தார்.

அந்தக் கூடம் வாரநாளில் பரதநாட்டிய வகுப்பு. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, அதை மறைத்துக் கறுப்புத் திரை, திரை சேராத ஓர் இடுக்கில் எமீமாவின் தோளும் கைப்பையும் தெரிந்தன. மேடை என்று பெயர். ஒரு சாண் உயரம் இருந்தால் அதிகம். இரண்டு பக்கமும் ஆளுயர ஒலிப்பெட்டிகள். எங்கே நிற்பது? இது சாதாரணக் கேள்வி இல்லை என்று அவளுக்குத் தோன்றியது, கடைசித் தடவையாகச் சாப்பிடப்போகிறவர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்பார்களாமே அந்த மாதிரிக் கேள்வி. இரண்டு காதாலும் கேட்கக் கடைசியாக ஒரு கச்சேரி, அதை எந்த இடத்தில் நின்று கேட்பது. மார்கழியில் ஒரு சபாவில் கேட்டிருக்கலாம், கோவிலில் பாடகர் குழுவோடு நின்று கேட்டிருக்கலாம். கோவிலில் அவள் ஆல்ட்டோ, பெண்களில் கீழ்க்குரல். அவளுக்கு வலப்பக்கம் மேல்குரல் பாடும் சொப்ரானோக்கள். செவ்வாய்க்குப் பிறகு அவர்கள் பாடுகிறார்களா இல்லையா என்பது இவளுக்குத் தெரியப்போவதில்லை. வரிசையின் வலது ஓரத்துக்கு மாறிவிட்டால் எல்லாக் குரலும் இடப்பக்கம் வந்துவிடும், ஆனால் அந்த ஓரத்தில் கிரேஸ்லின் அக்கா நிற்கிறார், மின்விசிறிக்கு நேர் கீழே, அதை அவர் உயிரோடு இருக்கும்வரை விட்டுத்தர மாட்டார், விட்டுத்தரச் சொல்லிக் கேட்கிற அளவுக்கு ஒரு காது பெரிய காரணமாக அவருக்குப் படாது, அதான் இன்னொண்ணு இருக்கே என்பார். எமீமா நேராகக் கூடத்தின் பின்பக்கம் போனாள். அங்கே ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பொத்தான்கள் நிறைந்த மேசையின் முன்னால், தலையின் ஒரு பக்கத்தை மட்டும் மழித்திருந்த பெண் ஒருத்தி உட்கார்ந்து சிப்ஸ் தின்றுகொண்டிருந்தாள். "இந்தாம்மா, எங்க நின்னா ரெண்டு பக்கமும் நல்லாப் பிரிஞ்சு கேக்கும்?" அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "பிரிஞ்சா? எதுக்கு ஆன்ட்டி பிரியணும்?" "இல்ல, கிதார் ஒரு பக்கம், கீபோர்டு ஒரு பக்கம்னு." "அய்யோ, அதெல்லாம் வீட்டுல ஹெட்போன்ல. இங்க ரெண்டு பாக்ஸ்லயும் ஒரே சத்தம்தான் விடுவேன். பிரிச்சு விட்டேன்னு வைங்க, இந்த ஓரத்துல நிக்கிறவன் எனக்குக் கிதாரே கேக்கலன்னு சண்டைக்கு வருவான், அந்த ஓரத்துல நிக்கிறவன் கிதார் மட்டும்தான் கேக்குதுன்னு சண்டைக்கு வருவான். சின்ன ஹால்ல எல்லாரும் இப்படித்தான் பண்ணுவாங்க. எங்க வேணா நில்லுங்க, எல்லாம் ஒண்ணுதான்." சிப்ஸ் பொட்டலத்தை நீட்டினாள். எமீமா ஒன்று எடுத்துக்கொண்டாள். எல்லாம் ஒன்றுதான். இரண்டு காதுக்கு விடைகொடுக்கத் தேடித் தேடி அவள் வந்து சேர்ந்தது ஒற்றைக் காதுக்காரர்களுக்கென்று கட்டியது போன்ற இடம். இங்கே நிற்கிற எண்பது பேருக்கும் ஒரே சத்தம் இரண்டு தடவை போகிறது, அதில் ஒன்று வீண். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு உலகத்தில் எந்த இடத்திலும் தான் மற்றவர்களுக்குச் சமமாக இருக்க முடியாது, இந்தக் கூடத்தில் மட்டும் இருக்கலாம் என்று நினைத்தாள். நினைத்ததும் சிரிப்பு வந்தது, சிப்ஸ் தொண்டையில் ஏறி இருமலும் வந்தது.

முதல் குழுவுக்கு 'ஈரச்சுவர்' என்று பெயர். மூன்று பேர். பேச்சே இல்லை, வணக்கம்கூட இல்லை, ஒல்லியான ஒருவன் கிதாரைத் தன் ஒலிப்பெட்டிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்றான், அது ஊளையிட ஆரம்பித்தது. ஊளை நிற்கவில்லை. டிரம்காரி அதன்மேல் சீராகத் தட்டத் தட்ட, எமீமாவுக்கு எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் படுத்திருந்தது நினைவுக்கு வந்தது, இல்லை, நினைவுக்கு வரவில்லை, அவள் திரும்ப உள்ளேயே போய்விட்டாள். அசையாதீங்க மேடம். டக் டக் டக் டக், பிறகு ஒரு நீண்ட ரம்பம், பிறகு கதவை உதைப்பது போல் நாலு அடி. அந்தக் குழாயில் படுத்துக்கொண்டு அவள் தாளம் எண்ணிக்கொண்டிருந்தாள், வேறு என்ன செய்வது, ஜெபம் நாலு வரிக்குமேல் ஓடவில்லை. கொட்டைப்பாக்கு அளவு என்றார் டாக்டர். நல்ல கட்டிதான், கெட்ட கட்டி இல்லை என்றார். நல்ல கட்டி. வளரும், ஆனால் பரவாது, எங்கும் போகாது, இருக்கிற இடத்திலேயே உட்கார்ந்து பக்கத்தில் இருப்பதையெல்லாம் நெருக்கும். இதை நல்லது என்று சொல்ல டாக்டர்களால்தான் முடியும். "வலது காது போயிடும், அதுல பேச்சே இல்ல. அது பக்கத்துலயே முகத்துக்குப் போற நரம்பு ஓடுது. அதைக் காப்பாத்தறதுதான் எங்க வேலை." வேலை என்றால் நடக்கும் என்று அர்த்தமா, முயற்சி என்று அர்த்தமா? வகுப்பில் ஒரு பெண் இப்படிப் பதில் எழுதினால் அவள் அரை மதிப்பெண் குறைப்பாள். முகத்தின் ஒரு பக்கம் தொங்கிவிட்டால் ஆல்ட்டோ பாட முடியாது, 'ப' சொல்ல முடியாது, 'ம' சொல்ல முடியாது, கண்ணை மூட முடியாது, பிள்ளைகள் முதல் நாள் பயப்படும், இரண்டாம் நாள் பேர் வைக்கும். இதை நினைக்கக் கூடாது. நினைக்கக் கூடாது என்று நினைத்ததும் வலது காதின் ரீங்காரம் மேலே வந்தது. பழைய டியூப்லைட் எரியும்போது வருமே, அது, பகலும் இரவும் எட்டு மாதமாக எரியும் டியூப்லைட். ஈரச்சுவர் எவ்வளவு இரைந்தாலும் அதைத் தொட முடியவில்லை. அதற்கு எதிர்ப்பக்கம், இடது தோளுக்கு அருகே, இரண்டு காதிலும் ஆரஞ்சுக் குமிழை மகன் சொன்னபடி உருட்டி நுழைத்துக்கொண்ட ராஜசிங் கண்ணை மூடி நின்றிருந்தார். கிதார்காரன் சட்டென்று எல்லாவற்றையும் நிறுத்தி, ஒரே ஒரு தந்தியை நகத்தால் மெல்ல வருட ஆரம்பித்தான். கூடமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அந்த நிசப்தத்தில் ராஜசிங், தன் குரல் தனக்கே கேட்காத மனிதரின் முழுத் தொண்டையில், "எமி! கார்க் கண்ணாடியை ஏத்தினேனா?" என்றார். எண்பது பேரும் திரும்பினார்கள். கிதார்காரன்கூட நிமிர்ந்து, "ஏத்திருப்பீங்க அங்கிள்," என்றான். கைதட்டல் கிளம்பியது. ராஜசிங் தனக்கில்லை என்று நினைத்துக்கொண்டு தானும் கைதட்டினார்.

அதைச் சொல்லியிருப்பாரோ மேம்பாலத்தில்? கண்ணாடியை ஏத்து என்று? அதற்கு "ம்" போதும், அதற்குப் பிறகு அவர் இப்படி வாயடைத்து வந்திருக்க மாட்டார். குரல் வந்தது, சொல் வரவில்லை. நீளமாக இல்லை, இரண்டு மூன்று சொல்தான். தலையணைக்குள்ளிருந்து வந்த மாதிரி. முதன்முதலில் ஆசிரியர் அறையில் வலது காதில் போனை வைத்தபோது அப்படித்தான் இருந்தது. போன் கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டு வாரம் கடைக்காரனிடம் சண்டை போட்டாள். இனிமேல் போன் இடது காதுக்கு. இடது காதைத் தலையணையில் வைத்துப் படுத்தால் ராஜசிங்கின் குறட்டை நின்றுவிடும், இத்தனை வருஷத்தில் எந்த மருந்துக்கும் நிற்காதது. ஆனால் ஆசேர் கைக்குழந்தையாக இருந்தபோது அவள் இடப்புறம் சாய்ந்துதான் படுப்பாள், வலது காது மேலே இருக்க, தொட்டிலில் அவன் மூச்சு மாறினால் விழித்துக்கொள்வாள். அந்தக் காது ஒரு பிள்ளையை வளர்த்திருக்கிறது. ராத்திரிக் காவல் முழுக்க அதுதான் பார்த்தது. இப்போது அந்தப் பிள்ளை மேடையில் மண்டியிட்டு ஒரு கேபிளின் சிக்கலைப் பிரித்துக்கொண்டிருந்தது.

குழு மாறும் நேரம். டிரம் ஒன்றுதான், இரண்டு குழுவுக்கும் பொது. ஆனால் ஈரச்சுவர் பெண் தன் பித்தளைத் தட்டுகளைத் திருகிக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு இறங்க, 'பக்கத்து வீடு' குழுவின் டிரம் பையன் தன் தட்டுகளை எடுத்துப் பூட்டினான். டிரம்மை யாருக்கும் கொடுப்பார்களாம், தட்டைக் கொடுக்க மாட்டார்களாம். வாடகை வீட்டுக்கு அவரவர் மின்விசிறியைக் கொண்டுபோவது மாதிரி. எமீமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள், மேடையின் விளிம்பு முழங்காலில் இடிக்கும்வரை. ஒலிப்பெட்டிகள் இரண்டும் இப்போது அவளுக்குப் பின்னால் இருந்தன. இவ்வளவு பக்கத்தில் வந்தால் மேடையில் அவரவருக்கு இருக்கும் சின்னப் பெட்டியின் சத்தம் நேராக வரும், அவரவர் திசையிலிருந்து வரும், அந்தச் சிப்ஸ் பெண்ணின் நீதி இங்கே எட்டாது. பின்னாலேயே வந்த ராஜசிங் ஒரு குமிழை எடுத்துவிட்டு, "இவ்வளவு கிட்டயா?" என்றார். பிறகு, "இவன் வாசிக்கிறதுதான் எனக்கு எங்கேயும் கேக்க மாட்டேங்குதே. போன தடவையும் பாத்தேன். விரல் ஆடுது, சத்தம் வரல." எமீமாவுக்கும் அப்படித்தான். வீட்டில் பாட்டைப் போட்டுக் காட்டி, இதோ இதுதான் நான் என்று ஆசேர் சொல்வான். கேக்குதாம்மா என்பான். அவள் தலையாட்டுவாள், எது என்று தெரியாமல். "பாஸ் கேக்காதும்மா," என்று ஒரு தடவை அவனே சிரித்துக்கொண்டு சொன்னான், "நின்னுபோனாத்தான் தெரியும்." இடது கையில் உறை கசங்கிக்கொண்டிருந்தது. உள்ளே இரண்டு குமிழ்.

முதல் பாட்டிலேயே அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. பாடுகிற பெண் நடுவில், கிதார் இடப்பக்கம், ஆசேரின் பெட்டி வலப்பக்கம். கண்ணை மூடிக்கொண்டாள். வகுப்பின் நடுவே நின்ற பெண்ணைப் போல் மனதுக்குள் கை நீட்டிப் பார்த்தாள்: அது அங்கே, இது இங்கே. வலது காது சோனிதான், ஆனால் செத்துவிடவில்லை, தாமதத்தைக் கணக்கெடுத்துக்கொண்டுதான் இருந்தது. இரண்டாம் பாட்டு. மூன்றாம் பாட்டு. கையில் இருந்த குமிழ் சூடேறியிருந்தது. ஒரு குமிழை எடுத்து வலது காதில் வைத்தால், செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு எப்படி இருக்கும் என்று இப்போதே தெரிந்துவிடும். பரிசோதனை என்றால் அதுதான். ஒரு மாறியை நீக்கி மற்றதை அளப்பது. பிள்ளைகளை எத்தனை தடவை செய்யவைத்திருக்கிறாள். குமிழை எடுத்தாள். விரலில் உருட்டினாள். அது வேப்பமுத்து அளவுக்குச் சுருங்கியது. கை வலது காதுவரை போனது, போய் முடியை ஒதுக்கிவிட்டுத் திரும்பி வந்துவிட்டது. குமிழ் உள்ளங்கையில் மறுபடி உப்பியது. திரும்பவும் உருட்டினாள். செவ்வாய்க்கிழமை தானாக வரும், அதைக் கையால் உருட்டி உள்ளே தள்ள வேண்டுமா. ஆனால் தெரிந்துகொண்டால் பயம் குறையாதா. குறையாது, பயம் தெரியாததால் வருகிறது என்பதும் ஸ்டெப்னிக் கருத்து மாதிரிதான், தெரிந்ததற்குத்தான் அவளுக்கு எப்போதும் அதிக பயம். முகம். 'ப', 'ம'. என்ன சொன்னார் மேம்பாலத்தில்? "அடுத்தது எங்க ஏரியா பாட்டு," என்று பாடுகிற பெண் மைக்கில் சொன்னாள், கூட்டம் ஓ என்றது. மோட்டார் பாட்டு. தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிறது, மோட்டாரைப் போட்டவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள், பக்கத்து வீட்டுக்காரி கத்திக்கொண்டிருக்கிறாள்: யாராவது மோட்டாரை நிறுத்துங்க. அவ்வளவுதான் பாட்டு. ஆசேர்தான் தொடங்கினான், தனியாக, ஒரே சுரத்தை, கீழ்த்தளத்தில் ஓடும் மோட்டார் மாதிரி. எமீமாவின் கை மேலே போனது. அது இடப்பக்கம் போகிறது என்பதை அவள் குமிழ் உள்ளே நுழைந்த பிறகுதான் கவனித்தாள்.

நல்ல காதில் பஞ்சு மெதுவாக உப்பியது. முதலில் பித்தளைத் தட்டுகள் போயின, விளக்கை யாரோ திரியில் பிடித்துக் குறைப்பதைப் போல. பிறகு கிதாரின் நுனி, பிறகு கிதார். பாடுகிறவள் வாயைத் திறந்து திறந்து மூடினாள், அங்கிருந்து சொல் வரவில்லை, மீன்தொட்டிக்கு வெளியே நிற்பது மாதிரி. பின்னால் எண்பது பேர் சேர்ந்து பாடியது முதுகில் பட்டது, காதில் படவில்லை. எல்லாவற்றையும் இழந்தபிறகு வலது காதில் இரண்டு மிச்சமிருந்தன. ஒன்று அந்த டியூப்லைட். இன்னொன்று, அதற்கு வெகு கீழே, தரையிலிருந்தும் முழங்காலிலிருந்தும் ஏறிவந்த ஆசேர். மேல்சுரங்களை நல்ல கட்டி எப்போதோ தின்றுவிட்டிருந்தது. அதன் பல்லுக்கு எட்டாத அடி ஆழத்தில் அவன் ஒருவன்தான் இருந்தான். ஒரே சுரம் என்று நினைத்திருந்தாள். இல்லை. நாலு அடிக்கு ஒரு தடவை அவன் ஒரு படி கீழே இறங்கி, தயங்கி, ஏறி வந்தான். ஒவ்வொரு தடவையும் தயங்கினான். சின்ன வயதில் படிக்கட்டில் அப்படித்தான் இறங்குவான், கீழ்ப்படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பான், அம்மா இருக்கிறாளா என்று. இத்தனை கச்சேரியில் இத்தனை பாட்டில் இது இருந்துகொண்டேயிருந்திருக்கிறது. கண்ணைத் திறந்தாள். ஆசேர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். புருவத்தைச் சுருக்கினான். வாசித்துக்கொண்டே மோவாயால் ஏதோ காட்டினான். அவளுக்குப் புரியவில்லை. ஒரு சுரத்தை நீட்டவிட்டு வலது கையை எடுத்து, தன் வலது காதைத் தொட்டுக் காட்டினான். இன்னொண்ணு. இன்னொண்ணையும் போடும்மா. அந்தக் காது போயிடும். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். அவன் மறுபடி காதைத் தொட்டுக் காட்டினான், இந்தத் தடவை கோபமாக, கண்ணை உருட்டி, அவளே அவனை மழைத்தொப்பி போடச் சொல்லும்போது உருட்டுவதைப் போல. எமீமா தலையை ஆட்டிக்கொண்டேயிருந்தாள். கண்ணில் நீர் வந்தது. சத்தத்தில் வந்தது என்று அவன் நினைத்திருக்கலாம். பாட்டு முடியும்போது எல்லாரும் நிறுத்திவிட, மோட்டார் மட்டும் கொஞ்ச நேரம் தனியாக ஓடியது. பிறகு அதுவும் நின்றது. நின்றது தெரிந்தது.

நிகழ்ச்சி முடிந்து விளக்குப் போட்டார்கள். எமீமா இடது காதின் குமிழை எடுத்தாள். ஒன்பது மணிக்குள் முடிக்காவிட்டால் எதிர்வீட்டுக்காரர் போலீசுக்குப் போன் செய்வாராம். வியர்வையில் நனைந்த சட்டையோடு ஆசேர் குதித்து இறங்கி வந்தான். "ஏம்மா உனக்குச் சொன்னா புரியாதா? ஒரு காதுல மட்டும் போட்டுட்டு நின்னியே. வயலின்காரங்கதான் இடது காதுல மட்டும் அடைப்பாங்க, நீ வயலின் வாசிக்கவா போறே?" "நல்லா இருந்துச்சுடா." "என்ன நல்லா இருந்துச்சு?" "உன்னை மட்டும்தான் கேட்டேன்." ஆசேர் தலையில் அடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற டிரம் பையனைப் பார்த்தான். "எல்லா அம்மாவும் இதையேதான் சொல்றாங்க மச்சான். உங்கம்மாவும் போன தடவை டிரம்ஸ் மட்டும்தான் கேட்டுச்சுன்னாங்க." "எனக்கு நெசமாவே டிரம்ஸ் மட்டும்தான்டா கேட்டுச்சு," என்றார் ராஜசிங். "நாலு அடிக்கு ஒரு தடவை கீழ போயிட்டு நிக்கிறியே," என்றாள் எமீமா, "ஒரு நிமிஷம் யோசிச்சிட்டு மேல வர்றியே, அது ஏன்?" ஆசேரின் சிரிப்பு அப்படியே நின்றது. அவளை உற்றுப் பார்த்தான். "அது உனக்குக் கேட்டுச்சா?" "ம்." "ரெக்கார்டிங்ல இவனுங்களுக்கே கேக்கல. கேக்காதது எதுக்கு, எடுத்துடுன்னானுங்க." "எடுக்காதே." அவன் எதையோ கேட்க வாயெடுத்தான், அதற்குள் மேடையிலிருந்து யாரோ, டேய் பெட்டியைத் தூக்க வாடா, என்று கத்தினார்கள். "நாளைக்குச் சாப்பாட்டுக்கு வா," என்றாள் எமீமா. "கண்டிப்பா வா. ஒண்ணு சொல்லணும்." "இப்பவே சொல்லேன்." "சாப்பிட்டுட்டுக் கேளு." அவன் அப்பாவைப் பார்த்தான். ராஜசிங் தன் காதிலிருந்து எடுத்த குமிழ்களை உறையில் திரும்பப் போட்டு மூடிக்கொண்டிருந்தார், மிகுந்த கவனத்தோடு.

காரின் கண்ணாடி ஏற்றியே இருந்தது. எமீமா கையை நீட்டினாள். ராஜசிங் சாவியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கொடுத்தார். அவள் சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். அவர் சுற்றிப் போய் இடப்பக்கம் உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டு, முதல் திருப்பத்திலேயே இல்லாத பிரேக்கை மிதித்தார். சிக்னலில் ஒரு தடவை வண்டி நின்றுபோய்ப் பின்னால் நின்றவர்கள் திட்டினார்கள். திட்டு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரிந்தது. மேம்பாலத்தில் ஏறும்போது, "வரும்போது இங்க என்னமோ சொன்னீங்களே," என்றாள். "எப்போ?" "வரும்போது. இதே இடத்துல. நான் ம்னேன்." ராஜசிங் சன்னலுக்கு வெளியே பார்த்தார். கீழே கடைகளின் விளக்குகள் போய்க்கொண்டிருந்தன. "எனக்குப் பயமா இருக்கு எமின்னு சொன்னேன்," என்றார். இடது காதில் அது ஒவ்வோர் எழுத்தாகத் தெளிவாக விழுந்தது. அவள் கியரை மாற்றிப் பாலத்தை இறங்கினாள். இறங்கியபிறகு, "எனக்கும்தான்," என்றாள். "பிரேக்கை விடுங்க. நான் பாத்துக்கிறேன்."

மறுநாள் காலை கோவிலுக்குப் புறப்படும்போது ராஜசிங் வழக்கம்போல வலப்பக்கக் கதவைத் திறந்து ஏறினார். எமீமா முன்னால் இழுத்த சீட் அப்படியே இருக்க, முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. அவர் இறங்கி, மறுபக்கம் போய் உட்கார்ந்தார்.